முதுகுக்குப் பின்னால் 66 லிட்டர்: ஒரு செவர்லே பிக்கப்பின் டேங்க் மாற்றம்

2024 தை மாதம், சம்பா அறுவடை முடிந்து களங்கள் காலியாகிக்கொண்டிருந்த நேரம். பாமணி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து, எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் மன்னார்குடியில் உள்ள என் பட்டறைக்குத் தம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். 1951ஆம் ஆண்டின் செவர்லே அரை டன் பிக்கப். அவருடைய தந்தையார் ரைஸ் மில்லுக்காக வாங்கியது. எஞ்சினை அணைத்து இறங்கியவர் கதவைச் சாத்தவில்லை. சுற்றிப் போய் மறு கதவையும் திறந்துவைத்தார். நான் அருகில் போனதுமே காரணம் புரிந்தது. கேபினுக்குள் பெட்ரோல் வாசனை நெடியாக நின்றது.

“தம்பி, என் பேத்தி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். போன வாரம் வடுவூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். எனக்கு இந்த வாசனை பழகிவிட்டது. குழந்தைக்கும் பழக வேண்டுமா?” என்றார்.

வண்டியின் மற்ற குறைகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அந்த முதல் கேள்வியே போதுமானதாக இருந்தது. இந்த வரிசை வண்டிகளில் 1949 முதல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறது. 1947, 1948 வண்டிகளில் அது வெளியே, கீழேதான் இருந்தது. உள்ளே கொண்டுவந்த பிறகு, செவர்லேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பிக்கப்புகளில் 1972 வரை அந்த வழக்கத்தை விடவில்லை. அக்காலத்துக்கு அதில் பயன் இருந்தது: கல்லும் சேறும் படாது, இடமும் மிச்சம். ஓட்டுபவரின் முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ஒரு தகடும் இருக்கை மெத்தையும் மட்டுமே இருந்தன என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தியாவில் இந்த நிறுவனம் 1928இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கி 1954இல் நிறுத்திக்கொண்டது. ஆகவே நம் ஊரில் எஞ்சியிருக்கும் அந்தக் காலத்துச் செவர்லேக்களுக்கு எழுபது வயது ஆகிவிட்டது. உதிரிபாகம் தேடுவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. நான் செய்யப்போகும் எதுவும் அந்த வண்டியின் உடம்பில் தழும்பு வைக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன்.

பழைய டேங்கில் கண்டது

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, விடியற்காலையில், திறந்தவெளியில் பெட்ரோலை இறக்கினோம். தகர டின்னையும் டேங்கையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்த பிறகுதான் குழாயைத் திறந்தேன். பெட்ரோல் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரப் பொறி கண்ணுக்குத் தெரியாது; தீ பிடித்த பிறகுதான் தெரியும்.

இருக்கையை எடுத்ததும் வாசனைக்கான காரணம் கண் முன்னே இருந்தது. டேங்கின் வெளியேறு குழாய் சேரும் மூட்டில் சலவைச் சோப்பை அப்பிவைத்திருந்தார்கள். நீலச் சோப்பு காய்ந்து பழுப்பாகி, அப்பியவரின் கட்டைவிரல் ரேகை அதில் அச்சாகப் பதிந்திருந்தது. வழியில் ஒழுகினால் சோப்பு அப்பி வீடு வந்து சேர்வது நம் ஊர் ஓட்டுநர்களின் நல்ல கைவைத்தியம். அதுவே நிரந்தர வைத்தியமாகிவிட்டதுதான் இங்கே தவறு. சோப்பைச் சுற்றி ஈரம் இருந்தது. அதற்கு நேர் கீழே கேபின் தரைப்பலகை. தரைப்பலகைக்கு அடியில் பேட்டரி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையில் தேங்கிப் பள்ளம் தேடி இறங்கும். அது இறங்கிப் போகும் இடத்தில் பேட்டரியின் முனைகள் இருக்கின்றன. இதைப் பெரியவரிடம் விரலால் சுட்டிக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

டேங்கை இறக்கிக் கவிழ்த்ததில் பழுப்புச் செதில்கள் கொட்டின. முன்பு ஏதோ ஒரு பட்டறையில் துருவுக்கு மருந்தாக உள்ளே பூச்சு ஊற்றியிருக்கிறார்கள். பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்திருந்தது. அளவுகாட்டியின் மிதவை பழைய முறைப்படி தக்கையால் ஆனது. அதன்மேல் இருந்த வார்னிஷ் கரைந்து, தக்கை பெட்ரோலைக் குடித்து ஊறிப்போய், மிதப்பதற்குப் பதிலாக முங்கிக் கிடந்தது.

இரண்டுக்கும் பெருமளவு காரணம் இன்றைய எரிபொருள். 2022இல் நாடு பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் என்ற அளவை எட்டியது. 2023இல் 20 விழுக்காடு கலந்தது விற்பனைக்கு வந்தது. எத்தனால் நல்ல கரைப்பான். பழைய வார்னிஷையும் பழைய ரப்பரையும் அது விட்டுவைப்பதில்லை. இன்னொரு குணமும் அதற்கு உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில், அது இழுத்த தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். தகரப் பூச்சுக் கொண்ட பழைய இரும்பு டேங்குக்கு அடியிலிருந்தே அரிப்பு தொடங்கும். அதனால் பழைய டேங்கைப் பழுது பார்த்து வேறு இடத்தில் மாட்டும் யோசனையை அன்றே விட்டுவிட்டேன்.

தண்ணீர் ஊற்றி அளந்தோம். 66 லிட்டர் ஏறியது. பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டி, துளைகளுக்கு மரத்தக்கை அடித்துப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அது அவர் வீட்டில் பத்தாயத்துக்குப் பக்கத்தில், சாக்கு சுற்றி நிற்கிறது. எடைக்குப் போட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கே வைப்பது

பெரியவருக்குப் பெரிய டேங்க் வேண்டும் என்ற ஆசை இருந்தது. முடிந்தால் இரண்டு: இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் ஒரு திருகு. அமெரிக்காவில் பிற்காலப் பிக்கப்புகளில் அப்படி இரட்டை டேங்க் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்டுதான். ஆனால் 1973 முதல் 1987 வரை வந்த அந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் டேங்க், சேசிஸ் சட்டத்துக்கு வெளியே, பக்கவாட்டில் தொங்கியது. பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி மோதினால் நடுவில் தடுக்க எதுவும் இல்லை. தீப்பிடித்து இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. அரசு விசாரணை நடந்தது. 1994இல் நிறுவனம் பாதுகாப்புப் பணிகளுக்கு 5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டு அந்த விசாரணை முடிந்தது. நம் சாலைகளில் பக்கத்திலிருந்து வராத வண்டி ஏது? வயல் வரப்பிலிருந்து டிராக்டர் நேராகச் சாலையில் ஏறுகிறது.

பின் அச்சுக்குப் பின்னால் வைக்கலாம். இடம் தாராளம், ஸ்டெப்னியை மட்டும் இடம் மாற்றினால் போதும். அதற்கும் ஓர் எச்சரிக்கை வரலாற்றில் இருக்கிறது. ஃபோர்டு பின்டோ காரில் டேங்க் பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்தது. பின்னாலிருந்து மோதும்போது அது முன்னால் நசுங்கி, பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் போல்ட்டுகள் குத்திக் கிழித்தன. 1978இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. பிக்கப்பின் சேசிஸ் காரைவிட வலுவானது, உண்மை. ஆனாலும் வேறு இடம் இருக்கும்போது அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வேறு இடம் இருந்தது. பின் அச்சுக்கு முன்னால், சேசிஸின் இரு சட்டங்களுக்கு உள்ளே. இந்த வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் சுழல் தண்டு ஒரு கெட்டிக் குழலுக்குள் மூடப்பட்டிருக்கிறது. குழலுக்கு இடப்பக்கம் சைலன்சர் ஓடுகிறது. வலப்பக்கம், குழலுக்கும் சட்டத்துக்கும் நடுவே, நீளமான ஒரு வெற்றிடம். பக்கவாட்டில் சேசிஸ் சட்டம் காவல், பின்னால் அச்சு காவல், சூடு மறுபக்கம். வண்டி குதிக்கும்போது குழல் மேலும் கீழும் ஆடும் என்பதால், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியும் இறக்கியும், தளத்தில் நெல் மூட்டைகளை அடுக்கியும் குழல் எங்கிருந்து எங்கே போகிறது என்று சாக்கட்டியால் குறித்துக்கொண்டேன். எல்லா நிலையிலும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்குமாறு கணக்கிட்டதில் கிடைத்த அளவு: நீளம் 90 செ.மீ., அகலம் 24 செ.மீ., உயரம் 22 செ.மீ. கொள்ளளவு 47 லிட்டர். ஆவிக்கு இடம் விட்டால் ஊற்றக்கூடியது 43.

“66 இருந்த இடத்தில் 43 என்றால் எப்படித் தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வண்டி லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் தருகிறது. 43 லிட்டரில் 250 கிலோமீட்டர் போகலாம். திருவாரூர்த் தேருக்குப் போய்த் திரும்பி, மறுநாள் கும்பகோணம் போய்வரலாம். அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க் எங்கோ ஒன்று இருந்தது; இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. அதோடு எத்தனால் கலந்த பெட்ரோலை நிறைய வாங்கி நிறுத்திவைப்பது வண்டிக்கு நல்லதல்ல. வாங்கியதைச் சீக்கிரம் எரித்துத் தீர்க்கும் அளவே சரியான அளவு. அவர் ஒப்புக்கொண்டார், இரண்டாவது டேங்க் பற்றி மட்டும் இன்னும் அவ்வப்போது கேட்கிறார்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2021இல் வந்த பழமையான வாகனங்களுக்கான விதி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகிறது; ஆனால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பெரியவர் அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். எனவே சேசிஸில் ஒரு துளை கூடப் போடவில்லை, ஒரு பொட்டு வெல்டிங் கூட வைக்கவில்லை. இரண்டு ஆங்கிள் சட்டங்களை, சேசிஸின் மேல் கீழ் விளிம்புகளைக் கவ்விப் பிடிக்கும் தகட்டுக் கிளாம்ப்புகளால் மாட்டினோம். கிளாம்ப் மட்டும் என்றால் நாளடைவில் முன்பின் நழுவும். அதனால் முன் சட்டம் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் முட்டி நிற்கும்படி அமைத்தேன். நான்கு நட்டுகளைக் கழற்றினால் இங்கே ஒரு டேங்க் இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

டேங்க் உருவானது

ரைஸ் மில்களுக்கு நெல் ஊறவைக்கும் தொட்டி, குழாய் எல்லாம் செய்து தரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறை ஒன்று ஊரில் உண்டு. அங்கே ஆர்கான் வெல்டிங் செய்யும் இளைஞரின் கை எனக்குப் பிடிக்கும். மணி மணியாக ஒரே சீராக இழுப்பார். 304 வகைத் தகடு, 16 கேஜ். உள்ளே பெட்ரோல் அலைமோதாமல் இருக்க இரண்டு தடுப்புத் தகடுகள், கீழ் மூலைகள் வெட்டியவை. அடியில் பின் மூலையில் ஒரு சிறு குழிவு, அதில் வடிகால் திருகு. இந்தக் குழிவை வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். டெல்டாவில் டேங்குக்குள் தண்ணீர் வருமா என்று யோசிக்க வேண்டியதில்லை, வரும். வந்தால் ஓரிடத்தில் சேர வேண்டும், சேர்ந்ததை வெளியே எடுக்க வழி வேண்டும்.

ஒழுக்குச் சோதனைக்குக் காற்றழுத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சப்பையான டேங்கில் காற்றைக் கொஞ்சம் அதிகமாக அடித்தால் பலூன்போல் உப்பி, வெல்டிங் விட்டுவிடும். அதற்குப் பதில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயை எடுத்தோம். டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, எல்லா வாயையும் அடைத்து, ஒரு வாயில் மட்டும் அந்தக் குழாயை மாட்டி இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிமிர்த்திக் கட்டி, அதிலும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் ஒரு நூல் கட்டிவிட்டுப் போய்விட்டோம். இரண்டு மீட்டர் தண்ணீர் தரும் அழுத்தம் இந்த டேங்குக்குப் போதும்.

காலையில் வந்து பார்த்தால் தண்ணீர், நூலுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

வெளியே ஈரம் எங்கும் தெரியவில்லை. இரவுக் காற்றில் உலர்ந்திருக்கும். தண்ணீரை வடித்துக் காயவைத்து, வெல்டிங் வரிகள் எல்லாவற்றின்மேலும் வெளிப்பக்கம் நீர்த்த சுண்ணாம்பை மெல்லப் பூசினோம். வெற்றிலைக்குப் போடும் அதே சுண்ணாம்புதான். அது வெள்ளையாகக் காய்ந்ததும் உள்ளே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் விட்டு, டேங்கை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து வைத்தோம். மண்ணெண்ணெய் தண்ணீரைவிடச் சின்ன வழியிலும் நுழையும். மூன்றாவது பக்கத்துக்குத் திருப்பி கால் மணி நேரம் இருக்கும். தடுப்புத் தகடு சேரும் மூலையில், வெள்ளைச் சுண்ணாம்பில் கடுகளவு ஒரு பொட்டு கருத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகளவு ஆயிற்று. “அண்ணே, என் வேலையில் இது வரக் கூடாது” என்று அந்த இளைஞர் வருத்தப்பட்டார். ஊசி முனைத் துளை எந்தக் கைக்கும் வரும். அதைத் தேடிப் பிடிப்பதும் இந்த வேலையின் பகுதி. கொதிநீரும் சோடாவும் விட்டு மூன்று முறை கழுவி, உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பிய பிறகே அந்த இடத்தில் மறுபடி நெருப்பு வைக்க விட்டேன். இரண்டாம் இரவு நூலும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நின்றன.

பெட்ரோல் ஊற்றும் வாய் எங்கே வருவது என்பது அடுத்தது. பின் தளம் பலகைகளால் ஆனது. நடுநடுவே இரும்புப் பட்டைகள். வலப்பக்கம் உள்ள பலகை ஒன்றை மட்டும் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் புதிய தேக்குப் பலகை செய்து அதில் வாய் வைத்தோம். தளத்தோடு தளமாகப் படியும் மேல்மூடியை நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை ஒன்றில் பித்தளையில் வார்த்துக் கடைந்து வாங்கினேன். உள்ளே பூட்டுள்ள தனி மூடி இருக்கிறது. பித்தளையில் பெட்ரோல் படாது. ஊற்றும்போது சிந்தினால் பலகையில் ஊறாமல் இருக்க, வாயைச் சுற்றி ஒரு கிண்ணம். கிண்ணத்திலிருந்து ஒரு குழாய் நேராகத் தரைக்கு.

பழைய வாயின் மூடி கேபினின் மூலையில் அப்படியே இருக்கிறது. அழகுக்காக அதை விட்டுவைத்தேன். பெரியவர்தான் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: “பங்க்கில் பையன் பழக்கத்தில் அந்த மூடியைத் திறந்து ஊற்றிவிட்டால்?” எனக்கு அது தோன்றவே இல்லை. ஊற்றினால் மொத்தமும் இருக்கைக்குப் பின்னால் கேபினில் இறங்கும். அன்றே உள்ளே ஓர் இரும்பு அடைப்பை வைத்து, மூடியைத் திறக்க முடியாதபடி உட்புறமிருந்து திருகிவிட்டேன். இந்த வேலையைச் செய்யும் எவரும் இதை மறக்கக் கூடாது.

டேங்குக்குக் கீழே மூன்று மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு காப்பு. முன் விளிம்பு படகின் மூக்குபோல் மேல் நோக்கி வளைந்தது. கல்லுக்காக மட்டும் செய்ததல்ல இது. நம் பகுதியில் அறுவடைக் காலத்தில் சாலையில் வைக்கோலையும் எள்ளுச் செடியையும் உளுந்தங்கொடியையும் பரப்பிவைப்பார்கள். மேலே ஓடும் வண்டியின் சுழல் தண்டில் அது சுற்றிக்கொள்ளும். சைலன்சரில் பட்டுப் புகையும். வண்டியே எரிந்ததும் உண்டு. டேங்கைக் கீழே இறக்கியபோது நான் புதிதாக வரவழைத்துக்கொண்ட ஆபத்து இது. கேபினில் இருந்தவரை வைக்கோலுக்கும் பெட்ரோலுக்கும் தொடர்பில்லை. ஆகவே கிளாம்ப், பட்டி, போல்ட் முனை எதுவும் கொக்கிபோல் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்து அரத்தால் மழுக்கினேன்.

முள் இறங்க மறுத்தது

பங்குனி கடைசியில் பூட்டி முடித்து, பத்து லிட்டர் ஊற்றி, சாவியைத் திருப்பினோம். பெட்ரோல் முள் எழுந்து ‘நிறைவு’ கோட்டையும் தாண்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்துச் செவர்லேயின் அளவுகாட்டி, டேங்க் காலி என்றால் 0 ஓம், நிறைந்தால் 30 ஓம் என்ற மின்தடையைப் பார்த்து ஓடுகிறது. பிற்கால வண்டிகளின் அளவி (டேங்குக்குள் மிதவையோடு நின்று முள்ளுக்குத் தகவல் அனுப்பும் பாகம்) இதற்குப் பொருந்தாது என்பதால் 0–30 அளவியையே தேடிப் போட்டிருந்தேன். பிறகு ஏன் இப்படி? மின்சுற்று எங்காவது அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும், முள் நிறைவையும் தாண்டிப் போகும். அறுந்திருந்தது எர்த். இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும் என்பதற்காக, டேங்க் படும் எல்லா இடத்திலும் ரப்பர் வைத்திருந்தேன். அரிப்பைத் தடுத்த அதே ரப்பர், டேங்குக்கும் சேசிஸுக்கும் இருந்த மின்தொடர்பையும் துண்டித்துவிட்டது. பழைய டேங்க் கேபின் தகட்டில் நேராகப் பூட்டியிருந்ததால் எர்த் தானாகக் கிடைத்தது. யாரும் அதைப் பற்றி நினைக்கத் தேவை இருந்ததில்லை. பின்னிய செம்புப் பட்டை ஒன்றை அளவியிலிருந்து சேசிஸுக்கு இழுத்துப் பூட்டியதும் முள் கீழே வந்தது. இன்னொரு பட்டை ஊற்றும் வாயின் குழாய்க்கும் போட்டேன். ரப்பர் ஹோஸால் தனித்து நிற்கும் உலோக வாய்க்கு நிலைமின்சாரம் போக வழி வேண்டும்.

பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி ஒவ்வொரு முறையும் ஓம் அளவைக் குறித்துக்கொண்டேன். மிதவைக் கம்பியை இரண்டு முறை வளைக்க வேண்டி வந்தது. 20 லிட்டரில் 14 ஓம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

நீடாமங்கலம் கேட்டில்

ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. கேபினில் வாசனை இல்லை. மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், பெரியவர் குடும்பத்தோடு கும்பகோணம் புறப்பட்டார். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே காத்திருப்பு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட் திறந்தபோது வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஒலி எழுப்ப, இறங்கி ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியிருக்கிறது.

ஏர் லாக். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்வது. ஆனால் எழுபது ஆண்டு இதே வெயிலில் ஓடிய வண்டிக்கு இப்போது ஏன்?

எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றினேன். உறிஞ்சும் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, நெம்புகோலை இயக்கினால் விரலைப் பிடித்து இழுத்துச் சில நொடிகளாவது வைத்திருக்க வேண்டும். இது இழுத்த மறுகணமே விட்டுவிட்டது. உள் வால்வுகள் தேய்ந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பழைய டேங்க் பம்பைவிட உயரத்தில் இருந்தது; பெட்ரோல் தானாக இறங்கி வந்தது; பம்ப் எதையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. அதன் தளர்ச்சியை டேங்கின் உயரம் மறைத்துவைத்திருந்தது. நான் டேங்கைக் கீழே இறக்கியபோது, அந்தப் பம்பை முதல்முறையாக வேலை செய்யச் சொல்லியிருக்கிறேன். கீழிருந்து உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எத்தனால் கலந்தது இன்னும் எளிதில் ஆவியாகும். டேங்கை மாற்றுமுன் பம்பை நான் சோதித்திருக்க வேண்டும். சோதிக்கவில்லை. அந்தக் குடும்பம் வெயிலில் வண்டி தள்ளியதற்கு என் கவனக்குறைவே காரணம் என்று அவரிடமே சொன்னேன்.

பம்பின் வால்வுகளையும் எத்தனால் தாங்கும் உதரவிதானத்தையும் (பம்புக்குள் அசையும் சவ்வு) புதிதாகப் போட்டேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் எஞ்சின் சூட்டை ஒட்டி ஓடியதை விலக்கி, கல்நார் இல்லாத வெப்ப உறை போட்டேன். வண்டியில் இருந்த சாதாரண ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ஃப்ளோரின் ரப்பர் உள்ளுறை கொண்டவையாக மாற்றினேன்.

டேங்குக்குப் பக்கத்தில் 6 வோல்ட் மின்பம்ப் ஒன்றும் வைத்தேன். இந்த வண்டியின் மின்சாரமே 6 வோல்ட். ஓடாதபோதும் பெட்ரோலைத் தன் வழியாக விட்டுவிடும் வகை அது. அதைச் சாவியோடு இணைக்கவில்லை. விரலை எடுத்தால் நின்றுவிடும் பொத்தான் ஒன்றில் மட்டும் இணைத்திருக்கிறேன். வெகுநாள் நின்ற வண்டியைக் கிளப்பும்போதும், கேட்டில் நின்று சூடேறும்போதும் பத்து நொடி அழுத்தினால் போதும். விபத்து நடந்தால் எந்தப் பம்பும் தானாக ஓடிக்கொண்டிருந்து பெட்ரோலைச் சாலையில் கொட்டாது. இன்னொன்றையும் பெரியவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: எஞ்சின் பம்பின் உதரவிதானம் எப்போதாவது கிழிந்தால், மின்பம்ப் தள்ளும் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாசனை அடித்தாலோ வண்டியைக் கிளப்பக் கூடாது.

அதே மே மாதத்தில் அதே கேட்டில் வேண்டுமென்றே போய் நின்று பார்த்தோம். பொத்தானைத் தொடாமலேயே வண்டி புறப்பட்டது.

மழைக்குப் பிறகு

மார்கழியில் வண்டி மறுபடி வந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். காப்புத் தகட்டின் மூக்கில் சேறும் கொஞ்சம் வைக்கோலும் ஒட்டியிருந்தன. டேங்குக்கும் குழலுக்கும் நடுவில் எதுவும் சிக்கவில்லை. பின் கிளாம்ப்பின் இரண்டு நட்டுகள் கால் சுற்று இளகியிருந்தன. அவற்றுக்கு இரட்டை நட்டு போட்டிருக்கிறேன். வடிகால் திருகைத் திறந்ததில் முதலில் கால் தம்ளர் அளவுக்குக் கலங்கலான நீர் வந்தது, பிறகு தெளிந்த பெட்ரோல். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை அந்தத் திருகைத் திறக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தேன். டேங்கின் காற்றுக்குழாய் கேபினின் பின்சுவரை ஒட்டி மேலே ஏறி வளைந்து இறங்குகிறது. வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு அதில் உண்டு. வால்வின் வாயில் குளவி ஒன்று மண்கூடு கட்டத் தொடங்கியிருந்தது. சல்லடைத் துணி வைத்துக் கட்டினேன்.

தகடு, வெல்டிங், வார்ப்பு, குழாய், பம்ப் எல்லாம் சேர்த்துச் செலவு 32,000 ரூபாய்க்குள் முடிந்தது. என் கூலி தனி.

அன்று பேத்தியும் வந்திருந்தாள். 1951இல்தான் இந்த வண்டிக்குக் கதவில் முக்கோணச் சிறுகண்ணாடி வந்தது. அதைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டு, நான் வேலை முடிக்கும் வரை கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

கார்புரேட்டரின் முடுக்குப் பம்பில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த தையில் அதைப் பிரிக்க வேண்டும்.